கூடுதல் ஒரு மணி நேரம் யாருடைய பங்கு?

‘டிஸ்லெக்ஸியா என்று சொல்லிப் பொதுத்தேர்வில் ஒரு மணி நேரம் கூடுதலாக வாங்கினால், மற்ற பிள்ளைகள் இளிச்சவாயர்களா?’ என்று கேட்கும் படப்பை நண்பரே, வரலாற்றுத் தாள் சோதிப்பது வரலாற்று அறிவையா, வாசிக்கும் வேகத்தையா? உங்கள் பிள்ளையின் நேரத்தில் ஒரு நிமிடமும் குறையவில்லையே!

2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்திலேயே டிஸ்லெக்ஸியா உள்ளிட்ட கற்றல் குறைபாடு இருக்கிறது. எழுதுவதில் சிக்கலுள்ள விகாஷ் குமார் வழக்கில், தேர்வில் சொல்வதை எழுதித்தரும் உதவியாளரைக் கேட்க 40 சதவீத ஊனம் கட்டாயமில்லை என்று 2021இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது.

போலிச் சான்றிதழ் காட்டிச் சலுகை வாங்குவார்கள் என்கிறீர்களா? போலியைப் பிடியுங்கள், பிள்ளையை விடுங்கள். சான்றிதழ் இருப்பதே தெரியாமல் ‘மக்கு’ப் பட்டத்தோடு படிப்பை விடுகிறவர்களைப் பற்றியே என் கவலை. பத்தாம் வகுப்புவரை காத்திராமல், மூன்றாம் வகுப்பிலேயே பரிசோதிக்கச் சொல்லிப் பள்ளியை நெருக்குங்கள்.