பத்து நிமிஷம் விழுந்த கை

சேதராப்பட்டுச் சகோதரி ஒருவர் கேட்கிறார்: "சாப்பிடும்போது என் கணவரின் வலது கை சோர்ந்து, பேச்சும் குழறிற்று. பத்து நிமிஷத்தில் சரியாகிவிட்டது. வெறும் வாயு என்கிறார் மாமியார். டாக்டரிடம் போக வேண்டுமா?"

இன்றே, இப்போதே போங்கள், அம்மா! மாமியாருக்கு அப்புறம் சமாதானம் சொல்லிக்கொள்ளலாம்.

வெந்நீர்த் தவலையில் உப்புப் படிகிறதல்லவா? அதுபோல் ரத்தக் குழாயின் உட்சுவரில் கொழுப்பும் சுண்ணாம்பும் படிந்து, குழாய் இறுகிப்போகிறது. கழுத்துக் குழாயில் இப்படியானால், அங்கே உறைந்த ரத்தத் துணுக்கு மூளைக்கு ஏறி வழியை அடைக்கும். தானே கரைந்தால் கை திரும்பும், கரையாவிட்டால் பக்கவாதம். அடுத்த இரண்டு நாள்தான் அபாயம் அதிகம்.

கிழவர்களுக்குத்தான் வரும் என்று நினைக்காதீர்கள். 1924-ல் லெனின் இறந்தபோது வயது 53. அவரது மூளைக் குழாய்களைச் சாமணத்தால் தட்டியபோது கல்லைப்போல் ஒலித்ததாம்!

கோரிமேட்டு ஜிப்மர் உங்களுக்குத் தூரமில்லை. ரத்த அழுத்தம், சர்க்கரை, கழுத்துக் குழாய் எல்லாம் பார்ப்பார்கள். பீடிப் பழக்கம் இருந்தால் மறைக்காமல் சொல்லுங்கள். மறுபடி கை சோர்ந்தால், சரியாகிறதா என்று காத்திராமல் மணியைக் குறித்துக்கொண்டு கிளம்புங்கள். உறைந்த ரத்தத்தைக் கரைக்கும் ஊசியை நாலரை மணி நேரத்துக்குள் போட்டாக வேண்டும். டாக்டர் முதலில் கேட்பது அந்த மணியைத்தான்.