ரீஸ்டார்ட் செய்யும் முன்

பகலெல்லாம் ஒழுங்காக ஓடும் சர்வர், இரவில் பேக்கப்பும் மாதாந்திர அறிக்கைகளும் ஒரே நேரத்தில் கிளம்பும்போது மட்டும் டிஸ்க் ரைட் எரர் காட்டுகிறது. சற்று நேரத்தில் டேட்டாபேஸ் விழுகிறது. பணியில் இருப்பவர் ரீஸ்டார்ட் செய்கிறார், எல்லாம் ஓடத் தொடங்குகிறது, டிக்கெட் மூடப்படுகிறது. சர்வர் நிர்வாகத்தில் இருக்கும் எவருக்கும் பழகிப்போன காட்சி இது. அப்படி மூடப்படும் டிக்கெட்டுகளைப் பற்றித்தான் இந்த இதழில் பேச வேண்டியிருக்கிறது.

ஒரு புரோகிராம் எழுதச் சொன்ன தரவு உடனே டிஸ்க்குக்குப் போய்விடுவதில்லை. கர்னல் அதை மெமரியில் வாங்கி வைத்துக்கொண்டு, எழுதியாயிற்று என்று பதில் சொல்லிவிடுகிறது. லினக்ஸின் வழக்கமான அமைப்பில் இப்படித் தேங்கும் தரவு, கிடைக்கும் மெமரியில் 20 சதவீதம் வரை போகலாம். 256 ஜிபி மெமரி உள்ள சர்வரில் அது 50 ஜிபியை நெருங்கும். லோடு ஏறும்போது இந்தத் தேக்கம் முழுவதும் டிஸ்க்கின் மேல் விழுகிறது. பிழை அப்போதுதான் தலைகாட்டும். அதற்குள் எழுதச் சொன்ன புரோகிராம் தன் அடுத்த வேலைக்குப் போயிருக்கும். தரவு உண்மையிலேயே டிஸ்க்கில் இறங்கியதா என்று கேட்டு உறுதி செய்துகொள்ளத்தான் எஃப்சிங்க் என்ற அழைப்பு இருக்கிறது.

அந்த உறுதியே ஆட்டம் கண்டது 2018இல். சேமிப்பகப் பிழை ஒன்றுக்குப் பின் ஒரு பயனரின் தரவு சிதைந்திருந்ததைப் போஸ்ட்கிரெஸ் டேட்டாபேஸின் டெவலப்பர் கிரெய்க் ரிங்கர் ஆராய்ந்தார். எஃப்சிங்க் முதல்முறை தோல்வி என்றது. போஸ்ட்கிரெஸ் மறுபடி கேட்டது. இரண்டாம் முறை வெற்றி என்று பதில் வந்தது. தரவோ டிஸ்க்குக்குப் போகவே இல்லை. எழுத முடியாத பக்கங்களை லினக்ஸ் கர்னல் 'எழுதப்பட்டவை' என்று குறித்துவிட்டு, பிழையை ஒருமுறை மட்டும் சொல்லியிருந்தது.

கர்னல் தரப்பிலும் நியாயம் உண்டு. எழுதிக்கொண்டிருக்கும்போதே ஒருவர் பென் டிரைவைப் பிடுங்கிவிட்டால், இனி எங்கும் எழுத முடியாத அந்தப் பக்கங்களை எவ்வளவு காலம் மெமரியில் சுமப்பது? ஆனால் டேட்டாபேஸ் எழுதியவர்கள் இப்படி ஒரு நடத்தையை எதிர்பார்க்கவில்லை. 20 ஆண்டுகளாக எஃப்சிங்கைப் போஸ்ட்கிரெஸ் தவறாகப் பயன்படுத்தி வந்தது எப்படி என்ற கேள்வியையே தலைப்பாக வைத்து, 2019 ஃபோஸ்டெம் மாநாட்டில் தோமாஸ் வோண்ட்ரா உரையாற்றினார். அதே பிப்ரவரியில் வந்த 11.2 பதிப்பு முதல், எஃப்சிங்க் தோற்றால் போஸ்ட்கிரெஸ் வேண்டுமென்றே விழுந்து, தன் லாக்கிலிருந்து எல்லாவற்றையும் மறுபடி எழுதிக்கொள்கிறது. அந்த கிராஷைத் தடுக்க ஒரு செட்டிங் இருக்கிறது. அதை யாரும் தொட வேண்டாம்.

விஸ்கான்சின்–மேடிசன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2020இல் இன்னும் ஆழமாகத் தோண்டினார்கள். எக்ஸ்ட்4, எக்ஸ்எஃப்எஸ், பிடிஆர்எஃப்எஸ் ஆகிய மூன்று ஃபைல் சிஸ்டங்களுமே தோற்ற பக்கங்களை எழுதியவையாகவே குறித்தன. சோதித்த ஐந்து மென்பொருள்களில் எதன் தற்காப்பும் போதுமானதாக இல்லை. எக்ஸ்ட்4இல் புதிய தரவு மெமரியில் அப்படியே நிற்பதால், படிக்கும்போது எல்லாம் சரியாகவே தெரியும். ரீஸ்டார்ட் செய்தால் மெமரி காலியாகி, டிஸ்க்கில் கிடக்கும் பழைய தரவு மேலே வரும். கடைசியாக எஞ்சியிருந்த நல்ல நகலை அழித்தது அந்த ரீஸ்டார்ட்தான்.

சரி, மூலக் காரணத்தை எங்கே தேடுவது? முதலில் கேபிள். ஸ்மார்ட் அட்டவணையில் 199ஆம் எண் ஏறிக்கொண்டிருந்தால் டிஸ்க்கை மாற்றிப் பயனில்லை; தரவு போகும் வழியில்தான் கோளாறு. 197 ஏறினால் டிஸ்க்கையே சந்தேகிக்க வேண்டும். எல்லா எண்களும் சுத்தமாக இருப்பதால் நிம்மதி கொள்ளவும் முடியாது: 1 லட்சத்துக்கும் மேற்பட்ட டிஸ்க்குகளைக் கவனித்து கூகுள் பொறியாளர்கள் 2007இல் வெளியிட்ட ஆய்வில், பழுதான டிஸ்க்குகளில் பாதிக்கும் மேற்பட்டவை முக்கியமான நான்கு எண்களிலும் எந்த முன்னறிகுறியும் காட்டவில்லை. செலவைக் குறைக்க ரெய்டில் மேசைக்கணினி டிஸ்க்குகளைப் போட்டவர்களுக்கு வேறொரு தொல்லை. பழுதான ஒரு செக்டரைப் படிக்க அவை ஒரு நிமிடத்துக்கு மேலும் போராடும். லினக்ஸோ 30 விநாடியில் பொறுமை இழந்து இணைப்பை ரீசெட் செய்யும். நன்றாக இருக்கும் டிஸ்க்கும் ரெய்டிலிருந்து வெளியே தள்ளப்படும். டிஸ்க் ஏற்றுக்கொண்டால் அதன் போராட்டத்தை 7 விநாடிக்குள் அடக்கலாம். இல்லையென்றால் கர்னலின் காத்திருப்பை 180 விநாடியாக உயர்த்தலாம்.

இவற்றுக்கெல்லாம் சாட்சி கர்னல் லாக். அதுவும் பெரும்பாலும் பழுதான அதே டிஸ்க்கில்தான் இருக்கும். ஃபைல் சிஸ்டம் ரீட் ஒன்லிக்கு மாறிய நொடியிலிருந்து அங்கே ஒரு வரியும் பதிவாகாது. கடைசி வரிகள் மெமரியில் மட்டுமே மிஞ்சும். லாக்கை முன்கூட்டியே வேறொரு சர்வருக்கு அனுப்ப ஏற்பாடு செய்யலாம். அது இல்லாத இடத்தில், டிமெசேஜ் வெளியீட்டை வேறு இயந்திரத்துக்கு நகலெடுக்க ஒரு நிமிடம்கூட ஆகாது. இரவு இரண்டு மணிக்கு மேலதிகாரி போனில் காத்திருந்தாலும், ரீஸ்டார்ட் பட்டனுக்கு முன்னால் அந்த ஒரு நிமிடத்தைக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.