வீட்டோடு சென்று நலம் கேட்போர்

உத்தியோகத்திலிருந்து இளைப்பாறியோர் செய்யும் பயணங்களைப் பொதுவாக இரண்டு வகைக்குள் அடக்கிவிடுவது நமது வழக்கம். ஒன்று தல யாத்திரை. மற்றொன்று பிள்ளைகளையும் பேரப்பிள்ளைகளையும் காணச் செல்லும் பயணம். அண்மைக் காலத்தில் மூன்றாவது வகையொன்று பெருகி வருகின்றது. அறுபதைக் கடந்த மக்கள், தொண்ணூறை அணுகும் தாயையோ தந்தையையோ காணச் செல்லும் பயணமே அது. இலங்கையில் 1981 ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பின்படி அறுபதும் அதற்கு மேலும் வயதுடையோர் நூற்றுக்கு 6.6 பேர், 2012 இல் அத்தொகை 12.4 ஆயிற்று. முதியோரை முதியோரே பேணுங்காலம் வந்துவிட்டது எனலாம். அத்தகைய பயணமொன்றைப் பற்றியே இவ்வாரம் வாசகர்களோடு உரையாட விரும்புகின்றோம்.

எமக்கு அறிமுகமான தம்பதியர் ஒருவர் அக்குறணையில் வாழ்கின்றனர். கணவர் கல்முனைக்குடியிற் பிறந்து, மணத்தின் பின் மனைவியின் ஊருக்கு வந்தவர். அரசாங்க உத்தியோகத்திலிருந்து அறுபதாம் வயதில் இளைப்பாறியவர். மனைவி ஆசிரியையாக இருந்தவர். இருவரும் பழைய வான் ஒன்றை வாங்கி, அதனுள்ளே இருவர் படுக்கத்தக்க கட்டில், சிறிய எரிவாயு அடுப்பு, தண்ணீர்த் தாங்கி, மடக்கு மேசை ஆகியவற்றைத் தச்சரைக் கொண்டு அமைத்துக்கொண்டனர். மேல்நாட்டார் இதனை மோட்டார் ஹோம் என்பர். நாம் வீட்டு வண்டி என்போம். நாடு முழுவதையும் ஆறுதலாகச் சுற்றிப் பார்த்தல் வேண்டும் என்பது அவர்களுடைய நெடுநாள் ஆசை. ஆயினும் வண்டி முதன்முதலிற் புறப்பட்டது கல்முனைக்குடிக்கே. எண்பத்தெட்டு வயதான உம்மா படுக்கையில் வீழ்ந்துவிட்டார் என்ற செய்தி வந்திருந்தது.

வீட்டு வண்டி என்பது நேற்று முளைத்த புதுமையன்று. உடல்நலக் குறைவினால் ஆங்கிலக் கடற்படையிலிருந்து விலகிய கோர்டன் ஸ்டேபிள்ஸ் என்னும் வைத்தியர், 1885 இல் குதிரைகள் இழுக்கும் வண்டியொன்றை வீடுபோலக் கட்டுவித்து, இங்கிலாந்திலிருந்து ஸ்கொத்லாந்து வரை பயணஞ் செய்தார். படுக்கையாக விரியும் இருக்கையும் கைகழுவுந் தொட்டியும் பொருந்திய மோட்டார் வண்டியொன்று 1910 இல் நியூயோர்க் நகரிற் காட்சிக்கு வந்தது. ஜெர்மனியின் வொக்ஸ்வாகன் வான்களுக்கு 1951 முதல் இத்தகைய உட்சாமான்கள் செய்யப்பட்டன. நமது பாட்டன்மாரும் இவ்வித்தையை அறியாதவரல்லர். அரிசியும் பானையும் பாயும் ஏற்றிய கூடார வண்டிலிற் புறப்பட்டு, மரநிழலில் உலை வைத்து, வண்டிலின் கீழே படுத்துறங்கிச் சென்ற தலைமுறையல்லவா அது? அவர்கள் சென்ற இடத்திற் பிறருக்குச் சுமையாக இருந்ததில்லை. அந்த ஒரு குணமே இங்கு நமது கவனத்துக்குரியது.

அதனை விளங்கிக்கொள்வதற்கு, அம்பாறைக் கரையோரத்தின் குடும்ப வழக்கத்தை அறிதல் வேண்டும். மருதமுனை, கல்முனைக்குடி, சாய்ந்தமருது, நிந்தவூர், அக்கரைப்பற்று முதலிய முஸ்லிம் ஊர்களிலே, மணமானபின் மாப்பிள்ளையே பெண் வீட்டுக்குச் செல்வார். வீடு பெண்ணுக்குச் சீதனமாக எழுதப்படும். பக்கத்தே வாழும் தமிழரிடத்தும் இதே வழக்கம் உண்டு. தாய்வழியாக வரும் குடிமுறையும் இரு சாராருக்கும் பொதுவானதே. அக்கரைப்பற்றிற் பல ஆண்டுகள் ஆய்வு செய்த டெனிஸ் மக்கில்வ்ரே என்னும் அமெரிக்க மானிடவியலார், 2008 இல் வெளியிட்ட தமது பெருநூலில் இதனை விரிவாக எடுத்துரைத்துள்ளார்.

இவ்வழக்கத்தினால் விளையும் நன்மை பெரிது. முதுமையிலே தாய் அன்னியர் கையில் விழுவதில்லை; தாம் பெற்ற மகளின் வீட்டிலோ அடுத்த வளவிலோ இருந்துவிடுகிறார். ஆனால் நன்மையின் நிழலில் ஒரு குறையும் ஒதுங்கி நிற்கின்றது. பேணும் பொறுப்பு முழுவதும் ஒரு மகளின் தோளிலே விழ, ஆண்மக்கள் பிறந்த வீட்டுக்கே விருந்தாளிகளாக வந்து போகின்றனர். 2000 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்க முதியோர் உரிமைகள் பாதுகாப்புச் சட்டம், பெற்றோரைப் புறக்கணித்தலாகாது எனப் பிள்ளைகளுக்கு விதித்திருக்கின்றது. பராமரிப்புப் பணம் பெறவும் வழி செய்திருக்கின்றது. பணம் அனுப்புமாறு சட்டம் கட்டளையிடலாம். இரவிற் கண்விழிக்குமாறு யார் கட்டளையிடுவது?

நோயாளியை நலம் விசாரித்தல் இஸ்லாமியருக்கு மார்க்கக் கடமைகளுள் ஒன்று. ஆதலால் நோயுற்ற வீட்டில் நாள்தோறும் ஆட்கள் வருவர். வருவோர் நல்லெண்ணத்தோடுதான் வருகின்றனர். ஆனால் வந்தவருக்குத் தேநீர் வேண்டும். தொலைவிலிருந்து வந்தவருக்குச் சோறும் மீன் ஆணமும் வேண்டும். இரவு தங்குவோருக்குப் பாயும் தலையணையும் வேண்டும். தாயின் படுக்கையைத் துப்புரவாக்கிய கை உலருமுன்னே மகள் அடுப்படிக்கு ஓடுகிறாள். விருந்தும் மருந்தும் மூன்று நாள் என்பர். மருந்து மாதக்கணக்கில் நடக்கும் வீட்டில் விருந்தும் உடன் நடக்குமானால், அதனைத் தாங்குபவளின் நிலையை நாம் எண்ணிப் பார்க்கின்றோமா?

நமது தம்பதியர் சென்ற வீட்டிலே உம்மாவைப் பேணியவர் ஐம்பத்தெட்டு வயதான தங்கை. அவருடைய வலக் கண்ணிற் புரை முற்றியிருந்தது. சத்திர சிகிச்சை செய்யலாம் என வைத்தியர் கூறிப் பல மாதங்களாகியும் அவர் போகவில்லை. சிகிச்சை ஒரு நாளில் முடிந்துவிடும். ஆனால் அதன்பின் சில வாரங்களுக்குப் பளுத் தூக்கலாகாது, குனிந்து வேலை செய்யலாகாது. தூக்காமலும் குனியாமலும் படுக்கையிற் கிடக்கும் தாயைப் பேணுவது எங்ஙனம்? ஆகவே, தாயின் பொருட்டுத் தம் பார்வையை ஒத்திவைத்திருந்தார். தமையனுக்கும் அதைச் சொன்னதில்லை.

ஒழுங்கை ஒடுக்கமானதால் வண்டி வீட்டுவாசல் வரை செல்லவில்லை. கடற்கரையை அடுத்த உறவினர் வளவொன்றில் அதனை நிறுத்தினர். 2004 திசெம்பர் 26 இல் எழுந்த ஆழிப்பேரலை வரையில் அங்கே ஒரு வீடு நின்றது. அம்பாறை மாவட்டத்திற் பதினாயிரத்துக்கும் மேற்பட்டோரைக் கொண்டுபோன அலை அது; இலங்கையில் வேறெந்த மாவட்டமும் அத்துணை உயிர்களை இழக்கவில்லை. வெறுமையாய்க் கிடந்த அவ்வளவில், ஒரு சிறு வீடு மீண்டும் சில காலம் விளக்கேற்றி நின்றது.

முதல் நாளே அண்ணியார் வண்டியில் உலை வைத்தார். தங்கைக்கு அது பொறுக்கவில்லை.

“எங்கட ஊட்டுக்கு வந்து வேறயா ஆக்கித் தின்னுறதா மதினி? ஊர் என்ன சொல்லும்?” என்று கண்கலங்கினார்.

“ஊருக்கு நான் பதில் சொல்றன், தங்கச்சி. நீ போய்க் கொஞ்சம் படு” என்றார் தமையனார்.

அன்று முதல் சமையல் வண்டியிலே நடந்தது. தங்கை வீட்டாருக்கும் சோறு அங்கிருந்தே சென்றது. பகலில் உம்மாவைக் குளிப்பாட்டுதல், கஞ்சி பருக்குதல் முதலியவற்றை அண்ணியார் கற்றுக்கொண்டார். இரவுக் காவல் மகனுக்கு. படுக்கைப்புண் வாராமலிருக்க, ஏறத்தாழ இரண்டு மணித்தியாலத்துக்கு ஒருமுறை நோயாளியைப் புரட்டிப் படுக்கவைக்க வேண்டும் எனத் தாதி ஒருவர் சொல்லிக் கொடுத்தார். நள்ளிரவிற் சில வேளை உம்மா மகனைத் தம் தமையனென்று எண்ணி, “காக்கா” என அழைத்து, எழுபது ஆண்டுகளுக்கு முந்திய வயற்காட்டுக் கதைகளைப் பேசுவாராம். மகன் மறுத்துரைக்காமல் உம் கொட்டிக் கேட்டிருப்பாராம். ஒரு வாரத்துக்கென வந்தவர்கள் ஒரு மாதத்துக்கு மேலாகத் தங்கினர். அதற்கிடையில் தங்கையின் கண் சிகிச்சை நிறைவேறியது. உம்மா எழுந்து நடக்கவில்லை. நடப்பார் என எவரும் எதிர்பார்க்கவுமில்லை. மகளின் முகத்தில் மட்டும் உறங்கியெழுந்தவரின் தெளிவு காணப்பட்டது.

இவ்வாறு செல்ல விரும்புவோருக்குச் சில குறிப்புகளைக் கூறுதல் பொருந்தும். புகையிரதப் பாதை மட்டக்களப்போடு முடிந்துவிடுவதால், கல்முனைக்குத் தெருவழியே கதி. கண்டியிலிருந்து மகியங்கனை, மகா ஓயா, அம்பாறை வழியாக ஏறத்தாழ 200 கிலோமீற்றர். பதினெட்டு வளைவு எனப் பெயர்பெற்ற இறக்கத்திலே பாரமேற்றிய வண்டியைத் தாழ்ந்த கியரில் மெல்ல இறக்குதல் வேண்டும். அப்பால் யானை நடமாடும் காட்டுவழியை இருட்டுமுன் கடந்துவிடுவது நலம். வண்டி ஓடும்போது எரிவாயுக் கொள்கலனை மூடிவைத்தல் வேண்டும். வண்டியின் அமைப்பை மாற்றுவோர் மோட்டார்ப் போக்குவரத்துத் திணைக்களத்தின் அனுமதியை முன்னரே பெற்றுக்கொள்க. பெற்றோரின் மருந்தை நினைப்போர் தமது மருந்தையும் மறத்தலாகாது. அறுபதைக் கடந்தவருக்குச் சர்க்கரையும் இரத்த அழுத்தமும் வழித்துணையாக வருவன அல்லவா?

வண்டி வாங்க வசதி இல்லாதவர் என் செய்வது என வாசகர் கேட்கலாம். வண்டி இங்கே ஒரு கருவி மாத்திரமே. பஸ்ஸில் ஏறிச் செல்பவரும் அயலில் ஓர் அறையை வாடகைக்குப் பேசிக்கொள்ளலாம். ஒரு பாயும் இரண்டு பானையும் கொண்டு செல்லலாம். இளைப்பாறியோரிடம் செல்வம் இல்லாதிருக்கலாம். ஆனால் உத்தியோக காலத்தில் கிட்டாத நாட்கள் அவர்களிடம் உண்டு. அடுத்த முறை நோயுற்ற தாயைக் காணப் புறப்படும்போது, பழக்கூடையும் பிஸ்கட் பெட்டியும் வாங்குமுன், பக்கத்திலிருந்து பேணும் சகோதரிக்கு ஒரு கடிதம் எழுதுங்கள். அல்லது தொலைபேசியிற் பேசுங்கள். “நாங்கள் வந்தால் நீ எத்தனை இரவு உறங்கலாம்?” என்று கேளுங்கள். அவர் கூறும் தொகைக்கு ஏற்பத் துணிகளை எடுத்து வையுங்கள்.