எல்லாத்துக்கும் வெடிமருந்து மேல பழி போடாதீங்க

எங்க ஊர்ப்பக்கம் மருந்துன்னா ரெண்டு அர்த்தம். ஒண்ணு மெடிக்கல் கடையில விக்கிறது, இன்னொண்ணு பட்டாசுக்குள்ள போறது. கண்ணு சிவந்தாலோ இமை வீங்கினாலோ சிவகாசியில இருந்து சாத்தூர் வரைக்கும் ஒரே பதில்தான்: "மருந்து பட்டிருக்கும், சொட்டு மருந்து வாங்கி விடு." பல நேரம் அது சரியாவும் இருக்கும். அதுதான் சிக்கலே. வேற வியாதி வந்தாலும் யாருக்கும் சந்தேகம் வர்றதில்ல.

அப்படி ஒண்ணு அமிலாய்டோசிஸ். (பேரைக் கேட்டு ஓடிடாதீங்க.) உடம்புல ஒரு புரதம் தப்பா மடிஞ்சு, கரையாம, நாரு நாரா படிஞ்சு போறது. கண்ணுல வந்தா இமைக்கு உள்பக்கம் மஞ்சளா, மெழுகு மாதிரி ஒரு தடிப்பு. லேசா தேய்ச்சாலே ரத்தம் கசியலாம், இமை கனத்து இறங்கலாம். பெரும்பாலும் வலி இருக்காது. வலிக்கலைன்னா நம்மாளு டாக்டர்கிட்ட போவாரா?

அரிதான வியாதிதான், ஒத்துக்கறேன். ஆனா சில புற்றுநோய்க் கட்டியும் பார்க்க இப்படியே இருக்கும். துளி சதை எடுத்து, காங்கோ ரெட்னு ஒரு சாயம் ஏத்தி, அதுக்கான மைக்ராஸ்கோப்ல பார்த்தா பச்சையா மின்னும். 1880கள்ல துணிக்குப் போட வந்த சாயம் அது! (பச்சை மத்தாப்புக்குப் போட்ட பேரியத்துக்கு 2018ல சுப்ரீம் கோர்ட் தடை போட்டுச்சு. இந்தப் பச்சைக்குத் தடை இல்ல.)

"சதை டெஸ்ட்டா? கத்தி பட்டா பரவிடும்"னு சொல்றவங்களைக் கண்டாலே எனக்கு ஆகாது. கண்ணோட நின்னுட்டா சின்னப் பிரச்சினை. தொந்தரவு இல்லன்னா கவனிச்சுட்டே இருக்கலாம், இருந்தா வெட்டிக் குறைக்கலாம், திரும்ப வளரவும் செய்யலாம். ஆனா இமைத் தோல்ல வந்தாலோ, அடிபடாமலே கண்ணைச் சுத்தி ரத்தம் கட்டினாலோ, இதயம், சிறுநீரகம் வரைக்கும் படிஞ்சிருக்கலாம். ரத்தம், யூரின், எக்கோ எல்லாம் பார்த்தாகணும். அதுக்கு மேல ரத்தநோய் டாக்டர் கையில. லேட் ஆனா இதயம் தாங்காது.

தூரம்னு சாக்கு சொல்ல முடியாது. மதுரையில அரவிந்த் 1976ல இருந்து இருக்கு, விருதுநகர்லயே 2022ல அரசு மெடிக்கல் காலேஜ் வந்தாச்சு. ஒரு நாள் போனா ஒரு நாள் கூலி போச்சுங்கறதுதான் நிஜக் காரணம். அதனால கண் முகாம் நடத்துறவங்க ஆலைக்கே வரணும். புரை, கண்ணாடியோட நிறுத்தாம இமையைப் புரட்டியும் பார்க்கணும்.

மாசக்கணக்குல மறையாத தடிப்பு இருந்தா, போட்டுட்டிருக்கிற சொட்டு மருந்து பாட்டிலையும் கையோட எடுத்துட்டுப் போங்க. அதுல ஸ்டீராய்டு இருந்தா கண் அழுத்தம் ஏறியிருக்கலாம், அதையும் பார்க்கச் சொல்லுங்க.