எண்ணுக்குள் அடங்குமா இன்பம்?

எண்ணையும் எழுத்தையும் இரு கண்களாகப் போற்றுவது நம் மரபு. ஒரு கண்ணைத் திறப்பதற்காக மற்றொரு கண்ணை மூடிக்கொள்ளும் வேடிக்கையை எங்கேனும் கண்டதுண்டா? நான் கண்டிருக்கிறேன். வீடியோ விளையாட்டுகளுக்கு எழுதப்படும் விமரிசனங்களில் அது நாள்தோறும் நடக்கிறது.

"விளையாட்டுக்கெல்லாம் ஆண்டு மலரில் ஒரு கட்டுரையா?" என்று பேராசிரியப் பெருமக்கள் புருவம் உயர்த்தலாம். சற்றே பொறுத்தருள வேண்டுகிறேன். இது விளையாட்டைப் பற்றிய கட்டுரை மட்டுமன்று. மதிப்பெண்ணைப் பற்றிய கட்டுரையுங்கூட. மதிப்பெண்ணின் அருமையும் கொடுமையும் அறியாதார் இக்கல்லூரியில் எவர்?

விடுதியில் ஒரு வழக்கு

சென்ற ஆண்டு விடுதியில் எனக்கும் என் அறைத் தோழனுக்கும் ஒரு வழக்கு மூண்டது. 2010-இல் வெளிவந்த 'டெட்லி பிரிமனிஷன்' என்னும் ஜப்பானிய விளையாட்டுதான் அதற்குப் பொருள். அமெரிக்கச் சிற்றூர் ஒன்றில் நடந்த கொலையைத் துப்புத் துலக்க வரும் ஓர் அதிகாரியின் கதை அது.

"பத்துக்கு இரண்டு! வெறுங்குப்பை!" என்றான் அவன்.

"பத்துக்குப் பத்து! பொக்கிஷம்!" என்றேன் நான்.

இருவரும் பொய் சொல்லவில்லை. ஐ.ஜி.என். என்னும் இணைய இதழ் அதற்கு 2 கொடுத்தது. டெஸ்ட்ரக்டாய்டு என்னும் இணைய இதழ் 10 கொடுத்தது. நள்ளிரவு வரை வாதாடினோம். பிறகுதான் உறைத்தது: எங்களில் ஒருவருமே அந்த விளையாட்டை ஆடியதில்லை! விமரிசனத்தையாவது படித்தோமா என்றால் அதுவும் இல்லை. கடைசி வரியிலிருந்த எண்ணை மட்டும் கத்தியாக உருவிக்கொண்டு போருக்குப் புறப்பட்டிருந்தோம்.

மறுநாள் வெட்கத்தோடு இரண்டு விமரிசனங்களையும் முழுவதும் படித்தோம். வியப்பு! இருவரும் ஏறத்தாழ ஒரே செய்தியைத்தான் சொல்லியிருந்தார்கள். படங்கள் பழைய பாணி, இயக்குவது கடினம், உரையாடல் விசித்திரம். ஒருவருக்கு அவை குற்றங்களாகப் பட்டன. மற்றவருக்கோ அந்தக் கோணல்களே சுவையாக இனித்தன. எந்த வகை மனிதருக்கு இந்த விளையாட்டு பிடிக்கும் என்பது எழுத்தில் தெளிவாக இருந்தது. எண்ணில் அது இல்லை. இரண்டையும் பத்தையும் கூட்டிச் சராசரி கண்டால் ஆறு. ஆனால், 'ஆறு' என்று உணர்ந்தவர் அவ்விருவரில் ஒருவரும் இல்லையே!

ஏழு ஏன் இகழப்படுகிறது?

விளையாட்டுக்கு எண் போடும் வழக்கம் நேற்று முளைத்ததன்று. 1984-இல் தொடங்கிய 'கிராஷ்' என்னும் பிரிட்டிஷ் இதழ் படத்திற்கு இத்தனை விழுக்காடு, ஈர்ப்புக்கு இத்தனை, கொடுக்கும் பணத்திற்கு இத்தனை என்று பிரித்துப் பிரித்து வழங்கியது. 1986-இல் பிறந்த ஜப்பானின் 'ஃபாமிட்சு' நான்கு விமரிசகரைத் தனித்தனியே பத்துக்கு மதிப்பிடச் செய்து, நாற்பதுக்குக் கூட்டிச் சொன்னது. முழு நாற்பதை முதன்முதலில் பெற்றது 1998-இல் வந்த 'செல்டா: ஒகரினா ஆஃப் டைம்'. நால்வரின் எண்ணும் தனித்தனியே அச்சானதால், அவர்கள் எங்கே ஒன்றுபட்டார்கள், எங்கே வேறுபட்டார்கள் என்று வாசகர் காண முடிந்தது. அந்த அளவில் அது நேர்மையான முறையே.

கேடு வேறிடத்தில் புகுந்தது. பத்தில் ஐந்து என்பது நடுத்தரமாக அல்லவா இருக்க வேண்டும்? நடைமுறையில் ஏழுதான் நடுத்தரம். ஆறு என்றால் அவமானம். நம் தேர்வில் நாற்பது தேர்ச்சி, அறுபது முதல் வகுப்பு. எழுபது வாங்கிய பிள்ளையின் வீட்டில் பாயசம் வைப்பார்கள். எழுபது வாங்கிய விளையாட்டின் வீட்டிலோ இழவு விழுந்ததுபோல் இருக்கிறது!

காரணம் பல. அமெரிக்கப் பள்ளிகளில் அறுபதுக்குக் கீழே பொதுவாகத் தோல்வி. அங்கே வளர்ந்த விமரிசகரின் கை அந்த அளவுகோலையே எடுக்கிறது. படுமோசமான விளையாட்டுகளை இதழ்கள் பெரும்பாலும் விமரிசனத்திற்கே எடுப்பதில்லை. விளம்பரம் கொடுப்பவரின் முகம் சுளிக்குமே என்ற அச்சமும் சேர்ந்துகொள்கிறது. 1991 முதல் 1996 வரை வந்த 'அமிகா பவர்' என்னும் பிரிட்டிஷ் இதழ், ஐம்பது என்றால் ஐம்பதுதான் என்று பிடிவாதமாக நின்றது. அதற்காகச் சில வெளியீட்டாளரின் பகையையும் தேடிக்கொண்டது. அத்தகைய துணிவு எல்லார்க்கும் வாய்க்குமா?

சராசரி என்னும் சர்வாதிகாரி

2001-இல் மெட்டாகிரிட்டிக் என்னும் இணையதளம் தோன்றியது. பல இதழ்களின் மதிப்பெண்களைத் திரட்டி, நூற்றுக்கு ஒரே எண்ணாக அது அறிவிக்கிறது. ஐந்தில் மூன்று நட்சத்திரம் கொடுத்து, "எனக்குப் பிடித்திருந்தது" என்று எழுதியவரின் கருத்தும் அங்கே 60 ஆகிவிடுகிறது. எந்த இதழுக்கு எவ்வளவு எடை என்பதை அத்தளம் வெளியிடுவதில்லை. இன்னொரு விந்தையும் உண்டு. திரைப்படம் 65 பெற்றால் அங்கே பச்சை நிறம். விளையாட்டு 65 பெற்றால் மஞ்சள்! விளையாட்டு பச்சை பெற 75 வேண்டும். ஒரே தளத்தில், ஒரே எண்ணுக்கு இரண்டு நீதி.

இதெல்லாம் வெறும் பொழுதுபோக்குச் சண்டை என்று எண்ணி விடாதீர்கள். 2010-இல் 'ஃபால்அவுட்: நியூ வேகஸ்' என்னும் விளையாட்டை அப்சிடியன் நிறுவனம் உருவாக்க, பெதஸ்டா வெளியிட்டது. மெட்டாகிரிட்டிக்கில் 85 கிடைத்தால் உருவாக்கியவர்களுக்குப் போனஸ் என்பது ஒப்பந்தம். கிடைத்தது 84. போனஸ் இல்லை! இச்செய்தியை 2012-இல் அந்நிறுவனத்தைச் சேர்ந்த கிறிஸ் அவலோனே வெளியிட்டார். ஒரே ஒரு மதிப்பெண்! எங்கோ ஒரு விமரிசகர் எட்டுப் போடுவதா, எட்டரை போடுவதா என்று பேனாவைக் கடித்த அந்த ஒரு நொடி, இரவு பகல் பாராது உழைத்தவரின் உழைப்புக்கு விலை குறித்துவிட்டது. பொருளியல் படிக்கும் மாணவனாகிய நான் கேட்கிறேன்: இது கூலியா, குலுக்கல் சீட்டா?

எண் கொடுத்தவரும் தப்பவில்லை. 2007-இல் 'கேன் அண்ட் லின்ச்' என்னும் விளையாட்டுக்கு கேம்ஸ்பாட் தளத்தின் ஜெஃப் கெர்ஸ்ட்மன் 6 கொடுத்தார். அதே தளத்தில் அந்த விளையாட்டுக்கு மாபெரும் விளம்பரம் ஓடிக்கொண்டிருந்தது. அவர் வேலையிழந்தார். விளம்பரதாரருக்காக எவரையும் நீக்குவதில்லை என்றது நிர்வாகம். நெருக்குதலுக்கு நிர்வாகம் பணிந்ததே காரணம் என்று 2012-இல் கெர்ஸ்ட்மன் வெளிப்படையாகச் சொன்னார். ஒரு பத்தி கடுமையாக எழுதியிருந்தால் எத்தனை பேர் படித்திருப்பார்கள்? எண்ணாக இருந்ததால் தெரு முழுவதும் தெரிந்தது.

அப்படியானால் எண்ணை ஒழிப்பதா?

அதுவும் சோதித்துப் பார்க்கப்பட்டது. பிரிட்டனின் யூரோகேமர் தளம் 2015-இல் எண்ணைக் கைவிட்டு, 'இன்றியமையாதது', 'பரிந்துரைக்கத்தக்கது', 'தவிர்க்க' என்று சொற்களால் முத்திரையிட்டது. ஆனால், 2023-இல் ஐந்து நட்சத்திர முறைக்கு வந்து சேர்ந்தது. எனக்கு அதில் ஏளனம் இல்லை. கையில் உள்ள காசு சிறிது. விளையாட்டின் விலையோ பெரிது. மாதச் செலவில் மிச்சம் பிடித்து வாங்கும் என் போன்றவனுக்கு ஒரு சுருக்கமான அடையாளம் வேண்டியிருக்கிறது. அதை நான் மறுக்கவில்லை.

என் கட்சி இதுதான். எண் இருக்கட்டும், ஆனால், எழுத்தின் வேலைக்காரனாக இருக்கட்டும். நூறு படிகள் வேண்டாம். 84-க்கும் 85-க்கும் உள்ள வேறுபாட்டை எந்த மனித உள்ளமும் உணராது. ஐந்து படிகள் போதும். அந்த ஐந்தையும் அஞ்சாமல் பயன்படுத்த வேண்டும். பலரின் சுவையைக் கலக்கிக் கூழாக்கிச் சராசரி என்று பரிமாற வேண்டாம். அந்தச் சராசரியின் மேல் எவருடைய ஊதியத்தையும் கட்டித் தொங்கவிட வேண்டாம்.

வாசகராகிய நமக்கும் ஒரு கடமை உண்டு. எண்ணைப் பார்க்குமுன் எழுத்தைப் படிப்போம். எழுதியவர் எதை விரும்புகிறவர், எதை வெறுக்கிறவர் என்று அறிவோம். என் தோழனும் நானும் பின்னர் அந்த விளையாட்டை ஆடினோம். அவனுக்கு இன்றும் பிடிக்கவில்லை. எனக்கு மிகவும் பிடித்தது. ஆனால், இப்போது ஏன் என்று இருவராலும் சொல்ல முடிகிறது.

நண்பர்களே! இன்னும் சில வாரங்களில் நம் மதிப்பெண் பட்டியலும் வரும். அந்த எண்களுக்குப் பின்னால் நாம் எழுதிய விடைத்தாள் ஒன்று இருக்கிறது. அதை ஒருவர் பொறுமையாகப் படித்திருக்க வேண்டும் என்று நாம் ஏங்குவோமல்லவா? அதே பொறுமையைப் பிறர் படைப்புக்கும் நாம் தருவோமாக!