பெற்றோரும் வைத்தியரும்

நோயுற்ற சிசுவுக்கு இன்ன சிகிச்சை வேண்டுமென்று தாய் தந்தையர் மன்றாட, அது வீண் வேதனையே என்று வைத்தியர்கள் மறுப்பார்களாயின், முடிவு கூறும் உரிமையுடையவர் யார்? இங்கிலாந்தில் இக்கேள்வி திரும்பத் திரும்ப ஐகோர்ட் படியேறி வருகிறது. அவற்றுள் 2014-லும் 2017-லும் நடந்த இரண்டு வழக்குகளை அருகருகே வைத்துப் பார்த்தாலன்றி விஷயம் தெளிவாகாது என்பது நமது அபிப்பிராயம்.

பிந்தியதை முதலில் எடுத்துக்கொள்வோம். 2016 ஆகஸ்டில் பிறந்த ஓர் ஆண் குழந்தைக்கு, உயிரணுக்களுக்குச் சக்தியளிக்கும் மைட்டோகாண்ட்ரியாவைக் குன்றச் செய்யும் அபூர்வமான பரம்பரை நோய் கண்டது. கை கால்களை அசைக்க இயலவில்லை. யந்திரத்தின் உதவியின்றி மூச்சு விடவும் இயலவில்லை. அமெரிக்கப் பேராசிரியர் ஒருவர் இந்நோயின் வேறொரு வகைக்கு நியூக்ளியோசைட் என்னும் மருந்தைக் கையாண்டு வந்தார். இக்குழந்தைக்கு இருந்த வகைக்கோ அம்மருந்து எந்த மனிதருக்கும் கொடுக்கப்பட்டதில்லை. லண்டன் கிரேட் ஆர்மண்ட் ஸ்ட்ரீட் ஆஸ்பத்திரி டாக்டர்களும் அதைப் பரீட்சித்துப் பார்க்கலாமென்றே முதலில் யோசித்தனர் என்பதைப் பலர் மறந்துவிட்டார்கள். 2017 ஜனவரியில் குழந்தைக்கு வலிப்புக் கண்டது. மூளை கெட்டுவிட்டது, இனி மருந்தால் பயனில்லை என்று அவர்கள் முடிவு செய்தனர். பெற்றோர் இணங்கவில்லை. பொது ஜனங்களிடமிருந்து 13 லக்ஷம் பவுன் திரண்டது. ஏப்ரல் 11-ந் தேதி ஐகோர்ட் நீதிபதி பிரான்ஸிஸ், யந்திரத்தை நிறுத்தலாமென்று தீர்ப்பளித்தார். அப்பீல் கோர்ட், சுப்ரீம் கோர்ட், ஸ்ட்ராஸ்பர்க்கிலுள்ள ஐரோப்பிய மனித உரிமை கோர்ட் ஆகிய மூன்றும் அத்தீர்ப்பில் தலையிட மறுத்தன. போப்பாண்டவரும் அமெரிக்க ஜனாதிபதியும் குரல் கொடுத்தார்கள். ஆஸ்பத்திரி ஊழியர்களுக்குக் கொலை மிரட்டல்களும் வந்தன; இதை அனுதாபம் என்று அழைப்பதற்கு நம் நா எழவில்லை. ஜூலை மாதத்தில்தான் அந்த அமெரிக்கப் பேராசிரியர் குழந்தையை முதன்முறையாக நேரில் பார்வையிட்டார். தசைகள் மீளாதவாறு நலிந்துவிட்டன என்பது அப்பொழுது எடுத்த படங்களில் தெரிந்தது. 24-ந் தேதி பெற்றோர் போராட்டத்தைக் கைவிட்டனர். 28-ந் தேதி, முதலாண்டு நிறைவுக்கு ஒரு வாரம் இருக்கையில், குழந்தை உயிர் நீத்தது.

1989-ம் வருஷத்துக் குழந்தைகள் சட்டம், கோர்ட்டார் முடிவு செய்யுங்கால் குழந்தையின் நலனே தலையாயது என்கிறது. மகவு பெற்றோரின் சொத்தன்று என்பதே இதன் தாத்பரியம். மத நம்பிக்கையைக் காரணங் காட்டித் தம் குழந்தைக்கு ரத்தம் ஏற்றக்கூடாதென்று பெற்றோர் தடுக்கும்பொழுது கோர்ட் குறுக்கிட்டு உயிரைக் காப்பதும் இந்த நியாயத்தைக் கொண்டுதான். அங்கே கோர்ட்டை வாழ்த்துபவர்கள், தீர்ப்பு பெற்றோரின் கண்ணீருக்கு விரோதமாக வந்த மாத்திரத்தில் சட்டத்தையே தூற்றுவது பொருந்தாது. தீர்ப்பின் முடிவில் பிழையிருப்பதாக நாம் கருதவில்லை.

ஆனால் 2014-ம் வருஷத்து வழக்கு வேறு பாடம் புகட்டுகிறது. சவுதாம்டன் ஆஸ்பத்திரியில் ஐந்து வயதுச் சிறுவன் ஒருவனுக்கு மூளையிலிருந்த புற்றுநோய்க் கட்டியை டாக்டர்கள் அகற்றினார்கள். அதன்பின் சாதாரணக் கதிர்ச் சிகிச்சை போதுமென்றனர். புரோட்டான் சிகிச்சையே வேண்டுமென்ற பெற்றோர், ஒருவரிடமும் சொல்லாமல் சிறுவனை ஸ்பெயினுக்குக் கொண்டு சென்றனர். உடனே ஐரோப்பிய வாரண்டு பிறந்தது. தாயும் தந்தையும் சிறையிலடைக்கப்பட்டனர். சிறுவன் அன்னிய நாட்டு ஆஸ்பத்திரியில் தனியே கிடந்தான். சில நாட்களில் வாரண்டு ரத்தாயிற்று. செப்டம்பர் 5-ந் தேதி ஐகோர்ட் அவன் பிராக் நகருக்குச் செல்ல அனுமதித்தது. ஆங்கில சர்க்காரின் வைத்திய இலாகாவே செலவை ஏற்றது. அவனுக்கு நோய் நீங்கியதாக 2018-ல் பெற்றோர் தெரிவித்தனர். புரோட்டானால்தான் குணமாயிற்றென்று நாம் சாதிக்க வரவில்லை. கத்தியெடுத்த டாக்டர்களுக்கும் அதில் பங்குண்டு. எனினும், ஒப்புக்கொள்ளப்பட்ட இரண்டு சிகிச்சைகளுள் ஒன்றை விரும்பியவர்கள் குற்றவாளிகளாக நடத்தப்பட்டது பெரும் அக்கிரமமாகும்.

இங்கேதான் பேதம் இருக்கிறது. இரு வழிகளும் குணத்தை நோக்கிச் செல்லுமாயின் தேர்ந்தெடுக்கும் உரிமை பெற்றோருடையது. தடுப்பவர்தான் தீங்கை நிரூபிக்கவேண்டும். குணத்திற்கு வழியே இல்லாதபோது, வேதனைப்படுகிற உடலுக்குரிய சிசுவின் பக்ஷமாகப் பேச ஒருவர் வேண்டும். அவர் பெற்றோராகவோ வைத்தியராகவோ இருப்பதைவிட நீதிபதியாக இருப்பது மேல்.

அந்த நீதிபதியின் முன் இரு கக்ஷிகளும் சமமாக நின்றார்களா? லண்டன் வழக்கில் ஆஸ்பத்திரிக்கு வக்கீல்கள் இருந்தார்கள். குழந்தைக்கும் ஒரு வக்கீல் அமர்த்தப்பட்டிருந்தார். பெற்றோருக்கு மட்டும் சர்க்கார் உதவி கிட்டவில்லை. ஊதியம் பெறாமல் வாதாட முன்வந்த சில வக்கீல்களின் தருமத்தினால்தான் அவர்கள் வாய் திறந்து பேச முடிந்தது. நீதிபதியே இதைக் கண்டித்தார். இத்தகைய தகராறுகளில் மத்தியஸ்தம் செய்ய முயலவேண்டுமென்றும் கூறினார். ஜீவாதார சிகிச்சையை நிறுத்தும் வழக்குகளில் பெற்றோரின் வருமானக் கணக்கைப் பாராமல் வக்கீல் உதவியளிக்க அந்நாட்டு விதி திருத்தப்பட்டது 2023-ல்தான். ஆறு வருஷம்! வக்கீல் தொழிலைச் சேர்ந்த நமக்கு இத்தாமதம் அதிகமாகவே உறுத்துகிறது.

இன்னொன்றும் உண்டு. நேரில் பாராத நிபுணரின் வார்த்தை பெற்றோருக்கு மாதக்கணக்கில் நம்பிக்கையூட்டி வந்தது. நேரில் பார்த்தபின் ஒரே வாரத்தில் விவகாரம் முடிவுற்றது. அவரை ஜனவரியிலேயே வரவழைத்திருந்தால் என்ன? பெற்றோர் குறிப்பிடும் நிபுணரைத் தகராறு முளைத்த நாளிலேயே கட்டிலருகில் கொண்டுவந்து நிறுத்துவதை ஆஸ்பத்திரிகள் தங்கள் கடமையாகக் கொள்ளவேண்டும். அதற்கு ஆகக்கூடிய செலவு, நான்கு கோர்ட்டுகளுக்கு அலைந்த செலவில் ஒரு சிறு பங்குகூட இராது.