மேட்டுப் பாத்தியும் வீட்டுக் கறியும்

2022ஆம் ஆண்டு யூன் மாதத்தில், வீட்டுத்தோட்டஞ் செய்தற்பொருட்டு அரசாங்க ஊழியர்க்கு வெள்ளிக்கிழமை விடுமுறை வழங்க அமைச்சரவை இசைந்ததை வாசகர்கள் மறந்திருக்கமாட்டார்கள். அக்காலத்தில் நாமும் மண்வெட்டி எடுத்தோம். சமநிலத்தில் நட்ட கத்தரிக்கன்றுகள் யாவும் கார்த்திகை மழையில் வேரழுகி மடிந்தன. குற்றம் மழையினதன்று, நம்முடையதே.

மறு ஆண்டு, பனங்குற்றிகளால் வரம்பிட்டு 1 அடி உயர மேட்டுப்பாத்தி அமைத்து, மேல்மண்ணுடன் உக்கிய சாணமும் இலைக்குப்பையும் கலந்து நிரப்பினோம். மிகுந்த நீர் வடிந்தது, கன்றுகள் பிழைத்தன. அகலம் 4 அடியை மிஞ்சலாகாது; இருபுறமும் நின்றே நடுவைக் கை எட்டவேண்டும். பாத்தியை மிதித்தால் மண் இறுகி வேர்க்குக் காற்றில்லாது போம். கோடையில் மேட்டுமண் விரைந்து உலருமாதலின், வைக்கோலால் மூடுதல் நன்று.

மாணவர்களே, தட்டுப்பாடு மீண்டும் வரும்வரை காத்திராதீர்கள். பசி வந்தபின் ஊன்றிய வெண்டி விதை, காய் தர ஏறக்குறைய 50 நாள் கேட்கும்.